முன் சீட்டுக்கு ஆள் தேவை

காலை 10.40. மதுரை, ஆரப்பாளையம் பேருந்து நிலையம்.

"அண்ணே, டீயா?" என்று கேட்டார் கடைக்காரர். அவருக்கு என்னைவிட ஐந்து வயதாவது கூட இருக்கும். இருந்தாலும் அண்ணே என்றார். டீ பன்னிரண்டு ரூபாய். மரியாதை அதற்குள் அடக்கம்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. மதுரையிலேயே குடியிருந்துகொண்டு, நான்கு மணி நேரத்தில் போய்விடக்கூடிய கம்பத்துக்கு இத்தனை வருடமாகப் போகாமல் இருந்தவன். புரட்டாசி முடிகிற சமயத்தில் ஒருநாள் திடீரென்று, "தனியாகப் போய் மூன்று நாள் சுற்றிவிட்டு வருகிறேன்" என்று வீட்டில் அறிவித்தேன். என் மனைவி தடுக்கவில்லை. ஞாயிறு முதல் சனி வரை கிழமை எழுதிய மாத்திரை டப்பாவை எடுத்துவந்து பைக்குள் வைத்தாள். "வரும்போது நல்ல ஏலக்காய் அரைக் கிலோ, எட்டு மில்லி சைஸ்" என்றாள். மகள் என் கைப்பேசியை வாங்கி, நான் எங்கே இருக்கிறேன் என்பது அவளுக்கு எப்போதும் தெரியும்படி ஏதோ செய்து கொடுத்தாள். கன்றுக்குட்டிக்குக் கழுத்தில் மணி கட்டிவிடுவது போலத்தான். எனக்குச் சத்தம் கேட்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தேனி வரை எழுபத்தாறு கிலோமீட்டர், எழுபது ரூபாய். உசிலம்பட்டி தாண்டியதும் நடத்துநர் என் தோளைத் தொட்டு, "சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றார். சரி, இந்தப் பக்கத்தில் சார். ஆண்டிபட்டி கணவாயில் பேருந்து மூச்சு வாங்கி ஏறியபோது நானும் அதற்குத் துணையாகக் கொஞ்சம் மூச்சு வாங்கினேன். ஒரு மணிக்குத் தேனி. சாப்பாட்டுக் கடையில் பரிமாறிய பெண், "ஐயாவுக்கு மோர் ஊத்தவா, தயிர் ஒத்துக்கிருமா?" என்று கேட்டார். தயிர் எனக்கு நன்றாக ஒத்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு ஒத்துக்கொள்ளுமா என்று எனக்கே சந்தேகம் வந்து, மோரே வாங்கிக்கொண்டேன்.

தேனியிலிருந்து கம்பம் நாற்பது கிலோமீட்டர், முப்பத்தெட்டு ரூபாய். சின்னமனூர், உத்தமபாளையம் வழியாக ஒன்றரை மணி நேரம். இரண்டு பக்கமும் மலை கூடவே வருகிறது. நடுவில் நெல், வாழை, தென்னை. முல்லையாற்றுத் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, சாலைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுந்துகொள்கிறது. மார்க்கையன்கோட்டைக்குப் பிரிகிற இடத்தில் ஏறிய ஒரு அம்மாள், மடியில் ஒரு பூசணிக்காயை வைத்துக்கொண்டு உத்தமபாளையம் வரை அதைத் தட்டித் தட்டித் தூங்க வைத்தார்.

மூன்றேகாலுக்குக் கம்பம். ஆட்டோக்காரர் கையை நீட்டி, "பெரியவரே, பாத்து எறங்குங்க, படி ஒசரம்" என்றார்.

அண்ணன், சார், ஐயா, பெரியவர். நூற்றுப் பதினாறு கிலோமீட்டருக்குள் மூன்று பதவி உயர்வு. இந்த வேகத்தில் போனால் மலையேறி இடுக்கியில் இறங்கும்போது என்ன ஆவேன் என்று யோசித்துப் பார்த்துவிட்டு, யோசனையை நிறுத்திக்கொண்டேன். தலைக்கு மாதம் இரண்டு முறை மை பூசுகிறேன். அந்த மை மதுரை எல்லைக்குள்தான் செல்லுபடியாகும் என்று கடையில் யாரும் சொல்லவில்லை.

விடுதியில் அறை அறுநூறு ரூபாய். பதிவேட்டில் வயது என்ற கட்டத்தில் ஐம்பத்திரண்டு என்று எழுதினேன். மேலாளர் என் ஆதார் அட்டையைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், வர்ற வழியில ஆறு வருசத்த எங்கயோ தவற விட்டுட்டீக."

"பஸ்ஸில் விட்டிருப்பேன்" என்றேன். ஐம்பத்திரண்டை அடித்துவிட்டு அவரே திருத்தி எழுதினார்.

மாலை 5.00. சுருளிப்பட்டி, கம்பத்திலிருந்து பத்து ரூபாய்ப் பேருந்துப் பயணம். சாலையை ஒட்டித் திராட்சைப் பந்தல்கள். ஒரு தோட்டத்துக்குள் அனுமதி கேட்டு நுழைந்தேன். நுழைந்ததும் தலையில் இடித்துக்கொண்டேன். பந்தல் ஐந்தரை அடி உயரம், நான் ஐந்து அடி எட்டு அங்குலம். தோட்டக்காரர் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து, மாளிகைக்குள் நடப்பவர் போல நடந்துகொண்டிருந்தார்.

"நாப்பது வருசமா குனிஞ்சுதான் சார் நடந்தேன். இப்பத்தான் ரெண்டு மூணு வருசமா நிமுந்து நடக்கேன்" என்றார்.

"பந்தலை உயர்த்திவிட்டீர்களா?"

"பந்தல் அங்கனயேதான் இருக்கு. நாந்தான் எறங்கிட்டேன்."

ஒரு கிலோ பன்னீர்த் திராட்சை எண்பது ரூபாய்க்குக் கொடுத்தார். குனிந்தபடியே வெளியே வந்தேன். எனக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் நாள், காலை 6.15.

கம்பம்மெட்டு மலைச்சாலையின் உச்சியிலிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் என்றும், பேருந்துக்குக் காத்திருக்காமல் ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்பில் தொற்றிக்கொண்டால் காற்றோட்டமாகப் போகலாம் என்றும் விடுதி மேலாளர் சொல்லியிருந்தார். இங்கிருந்து தினமும் காலையில் பெண்கள் ஜீப் ஜீப்பாக மலையேறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறார்கள், மாலையில் திரும்புகிறார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது முதல் ஜீப் கிளம்பாமல் நின்றது. பின்னால் பதினான்கு பெண்கள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி. பத்துப் பேர் உட்காரும் இடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, நான்கு பேர் அவர்கள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநருக்குப் பக்கத்து முன் சீட்டு மட்டும் காலி. அதில் ஓட்டுநரின் சாப்பாட்டு வாளி ஒன்று சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

ஓட்டுநர் முருகேசனுக்கு நாற்பத்தைந்து இருக்கும். முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, இறங்கி நின்றிருந்தார்.

"யாராச்சும் ஒருத்தர் வந்து உக்காந்தாத்தான் வண்டிய எடுப்பேன். மூணு நாளா இதே கூத்தாப் போச்சு. மேல செக்போஸ்ட்ல என்னையத்தான் திட்டுறாக."

"உக்காரச் சொல்லுடா, உன் மூத்த ஆத்தாவ" என்றது உள்ளிருந்து ஒரு குரல். நடுவில் உட்கார்ந்திருந்த செல்லத்தாயி. கறுத்து, மெலிந்து, கண் மட்டும் கூர்மையாக இருக்கும் பெண்.

"யாரு மூத்தவ? நீயி மதினி! முறையில நீதான பெரியவ!" என்றது பக்கத்துக் குரல். அது பேச்சியம்மா. செல்லத்தாயியின் கணவருக்குத் தங்கை.

"முறைக்கு நான் மூத்தவ, பொறப்புக்கு நீ மூத்தவ. நான் தாவணி போடுறதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே நீ தாவணி கட்டிக்கிட்டுத் திரிஞ்சவ."

"அப்பறம் எதுக்கு நாப்பது வருசமா என்னைய மதினி மதினின்னு கூப்புட வச்ச? அன்னைக்கே பேரச் சொல்லுடின்னு சொல்லியிருக்க வேண்டியதுதான!"

முருகேசன் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க படிச்சவுக மாதிரி இருக்கீக. நீங்களே சொல்லுங்க. முறையில பெரியவுக உக்காரணுமா, வயசுல பெரியவுக உக்காரணுமா?"

படித்தவன் மாதிரி இருப்பதில் இருக்கிற ஆபத்தே இதுதான். தொண்டையைச் செருமிக்கொண்டு செல்லத்தாயியைப் பார்த்து, "அம்மா, உறவுமுறை என்று ஒன்று இருக்கிறதே..." என்று ஆரம்பித்தேன்.

"யாருக்கு யாரு அம்மா?" என்றார் செல்லத்தாயி. "எனக்கு அம்பத்தொம்பது. உங்களப் பாத்தா எங்கய்யாவோட ஒக்காந்து சுருட்டுக் குடிச்ச ஆளு மாதிரி இருக்கு."

ஜீப் குலுங்கியது. முதல் நாள் முழுவதும் பெரியவரே என்று கூப்பிட்டவர்கள் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தவன், மறுநாள் காலை முதல் காரியமாக அதையே இன்னொருவருக்குச் செய்திருக்கிறேன்.

"இவுகளே முன்னாடி உக்காரட்டும்" என்றார் பேச்சியம்மா. "தலையப் பாத்தா நாப்பது. நடந்து வந்தாகள்ல, அந்த நடைக்கு எழுவது."

"மையி பூசியிருக்காக பேச்சி, உனக்குத் தெரியல. காதோரம் பாரு, காட்டிக் குடுக்குது."

"வேண்டாம்" என்றேன். "நான் பின்னாலேயே வருகிறேன்."

இந்த இடத்தில் நான் நடந்துகொண்ட விதத்துக்கு விளக்கம் எதுவும் கிடையாது. காலியான, மெத்தை வைத்த சீட்டு முன்னால் இருக்கிறது. கம்பம்மெட்டு வரை பதினான்கு கிலோமீட்டர், பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு என்று முருகேசன் சொல்லியிருந்தார். என் வலது மூட்டுக்கு டாக்டர் படிக்கட்டையே தடை செய்திருந்தார். இருந்தாலும் பதினான்கு பெண்களுக்கு நடுவே பதினைந்தாவதாக ஏறி, ஒரு தூக்குவாளியின் விளிம்பு மூட்டில் குத்த, செல்லத்தாயிக்கும் கம்பிக்கும் இடையே சொருகிக்கொண்டேன். முருகேசன் வாளியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

காலை 6.50. ஏழாவது வளைவு என்று நினைக்கிறேன். எண்ணுவதை விட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் இவ்வளவு பிடிவாதம்? சொகுசான சீட்டுதானே?" என்று செல்லத்தாயியிடம் கேட்டேன்.

"அதே பிடிவாதம் உங்களுக்கு எதுக்காம்?" என்றார். பிறகு ஜீப் சத்தத்துக்குள் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

இந்த ஜீப்பில் முன் சீட்டு எப்போதும் மூத்தவருக்குத்தான். அது மரியாதை. ஆனால் தோட்டத்து வாசலில் கங்காணி நின்றுகொண்டு, யார் யார் எங்கே வேலை செய்வது என்று ஆளைப் பிரித்து அனுப்புவார். பெண்களிடம் வயது கேட்டால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் கேட்பதில்லை. முன் சீட்டிலிருந்து யார் இறங்குகிறார்கள் என்று மட்டும் பார்ப்பார். இறங்குகிறவரைச் சரிவில் காய் எடுக்க அனுப்பாமல் ஸ்டோருக்கு அனுப்புவார். ஸ்டோர் என்பது காய்ந்த ஏலக்காயைச் சுத்தம் செய்து தரம் பிரிக்கும் கொட்டகை. உட்கார்ந்த இடத்து வேலை. அவர் மனதில் அதுவும் மரியாதைதான்.

"ராசம்மான்னு ஒருத்தி. ரெண்டு வருசம் அந்தச் சீட்டுல ராணி மாதிரி போனா. ஸ்டோர்ல தெனம் வேலை இருக்காதுல்ல, வாரத்துக்கு ரெண்டு நாளுன்னாக. அப்பறம் வேணும்னா சொல்லிவிடுறோம்னாக. போன வாரந்தான் திருப்பூருக்கு மக வீட்டுக்குப் போனா. அவ போனதுல இருந்து சீட்டு காலி."

"உங்களுக்கு இன்னும் தெம்பு இருக்கிறதே. ஸ்டோரில் போட்டாலும், முடியும் என்று சொல்லிவிட்டுச் சரிவுக்குப் போகலாமே?"

அவர் குனிந்து தன் முழங்காலைக் காட்டினார். சேலைக்கு மேலேயே வீக்கம் தெரிந்தது.

"எனக்கு மூட்டு போச்சுண்ணே. ஏலக்காய் தூருல, மண்ணோட மண்ணாக் கெடக்கும். குந்தி உக்காந்து எடுக்கணும். குந்துனா எந்திரிக்க முடியல. இந்தா இருக்காளே பேச்சி, இவளுக்கு மூட்டு கல்லு மாதிரி. கண்ணுதான் போச்சு. பழுத்த காயி எது, பிஞ்சு எதுன்னு தெரியாது. பிஞ்ச எடுத்தா கங்காணி வேலைய விட்டே நிறுத்திருவாரு. அதனால ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வரிசை எடுத்துக்கிருவோம். நான் நின்னுக்கிட்டே, இந்தா இது, அந்தா அதுன்னு காட்டுவேன். அவ குந்தி ரெண்டு வரிசையையும் எடுப்பா."

பேச்சியம்மா இந்தப் பக்கம் திரும்பாமலே, "எல்லாத்தையும் சொல்லிப்புட்டாளா?" என்றார். "ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு. கூலிதான் ரெண்டு ஆளு கூலி. இதுல ஒருத்தி ஸ்டோருக்குப் போனா, இன்னொருத்தி மறுநாளே அம்புட்டுத்தான்."

"அதனால தெனமும் சண்ட போட்டுக்கிறோம்" என்றார் செல்லத்தாயி. "ஒருத்தியும் உக்காராம இருக்கணும்ல."

காலை 7.20. கம்பம்மெட்டு.

கேரள எல்லையின் சோதனைச் சாவடி. நான் இங்கேயே இறங்குவதாகத்தான் ஏற்பாடு. இறங்கினேன். இறங்கினேன் என்று எழுதுவது எளிது. இரண்டு பெண்கள் தள்ள, முருகேசன் இழுக்க, ஒரு பீரோவை மாடியிலிருந்து இறக்குவது போல இறக்கினார்கள். கீழே பள்ளத்தாக்கு விரிந்து கிடந்தது. பாதி மேகம், பாதி வயல். மேகம் விலகிய இடங்களில் தென்னந்தோப்பும், வயல் தண்ணீரும், ஈரச் சாலையில் எறும்பு போல ஒரு பேருந்தும். பார்க்கத்தான் வந்தேன். முழுதாக ஒரு நிமிடம்கூடப் பார்க்க முடியவில்லை.

"எந்தா முருகேசா?" என்று சாவடிக் காவலர் வந்தார். "முன்னில் சோறு உக்காந்திருக்கு, பின்னில் ஆளுகள் தொங்குது. இன்னைக்கும் இதே கதையா? ஒராள் முன்னில் இருக்காம வண்டி போகாது."

நான் இறங்கியும் பின்னால் பதினான்கு பேர். அவர் சொன்னதில் தப்பே இல்லை. முருகேசன் பின்னால் திரும்பிப் பார்த்தார். கம்பத்தில் அத்தனை சத்தம் போட்ட இரண்டு பேரும் இப்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருந்தார்கள். பிறகு செல்லத்தாயி தூக்குவாளியைப் பேச்சியம்மாவின் மடியில் வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்து எழ ஆரம்பித்தார். மூட்டு நிமிர நேரம் பிடித்தது.

"நீ இரு மதினி" என்றார் பேச்சியம்மா. "நான் போறேன். வயசுல நாந்தான பெரியவ."

"ஒக்காருடி. கண்ணு தெரியாம ஸ்டோர்ல போயி என்னத்தத் தரம் பிரிப்ப?"

நான் போய் முன் கதவைத் திறந்தேன். வாளியை எடுத்து முருகேசன் கையில் கொடுத்தேன். ஏறி உட்கார்ந்தேன்.

"மூட்டு வலிக்கிறது. முன்னாலேயே உட்கார்ந்துகொள்கிறேன். தோட்டம் வரைக்கும் வருகிறேன்" என்றேன்.

காவலர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "நல்லது. வயசான ஆள் முன்னில் இருக்கணும்."

ஒரு கிலோமீட்டர் போன பிறகு பின்னாலிருந்து பேச்சியம்மாவின் குரல் வந்தது. "சீட்டு மெத்துனு இருக்கா அண்ணே?"

இருந்தது. சங்கடமாக இருக்கும் அளவுக்கு மெத்தென்று இருந்தது.

காலை 8.00. வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு தோட்டம். ஆளைவிட உயரமான ஏலச்செடிகள், மேலே பெருமர நிழல், காற்றிலேயே பாயச வாசனை.

வாசலில் கங்காணி நின்றுகொண்டிருந்தார். நான்கு தலைமுறைக்கு முன்னால் கீழேயிருந்து மேலே வந்த குடும்பம் என்றார்கள். இரண்டு மொழியும் கலந்து பேசுவார். ஜீப் நின்றதும் அவர் பார்வை நேராக முன் சீட்டுக்கு வந்தது. அங்கே நான் இறங்க முயன்றுகொண்டிருந்தேன்.

"இது ஆராணு?"

"ஊரு பாக்க வந்தவுக" என்று முருகேசன் ஆரம்பிப்பதற்குள், பின்னாலிருந்து செல்லத்தாயி, "எங்க ஜீப்புக்கு மூத்தவுக!" என்றார். பதின்மூன்று பேர் சிரித்தார்கள்.

கங்காணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சேட்டனுக்கு எத்தற வயசு?"

விடுதிப் பதிவேட்டில் ஐம்பத்திரண்டு எழுதியவன் நான். என் குரல் எனக்கே ஆச்சரியமாகக் கேட்டது.

"எழுபது."

"எழுபதா! தலை கறுப்பா இருக்கே."

"மை" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த உண்மையை ஓர் அந்நியரிடம் சொன்னேன். பின்னால் யாரோ கை தட்டினார்கள்.

"சரி, ஜீப் திரும்ப மூணரை ஆகும். அதுவரைக்கும் சேட்டன் ஸ்டோரில் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மற்ற பதினான்கு பேரையும் வரிசையாகச் சரிவுக்கு அனுப்பினார். போகும்போது பேச்சியம்மா முன்னால் நடந்தார். செல்லத்தாயி அவர் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு பின்னால் போனார். பார்க்கிறவர்களுக்குச் சிநேகிதிகள் கதை பேசிக்கொண்டு போவதாகத்தான் தோன்றும்.

ஸ்டோரில் எனக்கு ஒரு சாக்கும் முறமும் கொடுத்தார்கள். காய்ந்த காயின் நுனியில் பூ ஒட்டியிருந்த வால் இருக்கும். அதைக் கிள்ள வேண்டும். வெடித்த காயைத் தனியே போட வேண்டும். பிறகு சல்லடை. எட்டு மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் தங்குவது முதல் தரம். அதில் விழுந்தது ஏழு மில்லி. அதிலும் விழுந்தது அதற்கும் கீழே. யாரும் காயைப் பார்த்து, நீ எப்போது காய்த்தாய் என்று கேட்பதில்லை. சல்லடையில் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. இதை ஒரு தத்துவமாக வளர்க்கலாம் என்று தோன்றிய நேரத்தில் தும்மல் வந்துவிட்டது. பிறகு வரிசையாகப் பதினோரு தும்மல்.

பதினொன்றரைக்கு மகள் அழைத்தாள். "அப்பா, நீங்க கேரளாவுல ஏதோ ஏலத்தோட்டத்துக்குள்ள இருக்கிறதா காட்டுது. மூணு மணி நேரமா அசையவே இல்ல. என்ன பண்றீங்க?"

"வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்."

"மாத்திரை போட்டீங்களா?"

போடவில்லை. செவ்வாய்க்கிழமைக் கட்டத்தைத் திறந்து விழுங்கினேன். முதலாளிகள் விடும் இடைவேளை போல அது எனக்குப் பிடித்திருந்தது.

மதியம் 3.40. திரும்பும் ஜீப்.

கங்காணியிடம் எட்டு மில்லி ஏலக்காய் அரைக் கிலோ, ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டேன். "ஸ்டோர் ஆளுங்கிறதால நல்ல காயாப் போட்டிருக்கேன்" என்றார். "நாளைக்கும் வரணும் சேட்டா, கை வேலை மோசமில்லை." ஏதோ ஒரு வேலைக்கு நான் லாயக்கு என்று யாரும் சொல்லி நாலு வருடம் ஆகியிருந்தது.

முன் சீட்டில் யாரும் சொல்லாமலே ஏறிக்கொண்டேன். மேகம் முழுதாக விலகியிருந்தது. காலையில் பார்க்க முடியாத பள்ளத்தாக்கு ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடி முழுக்க வந்து நின்றது. முன் சீட்டு, இடத்துக்கு மட்டுமல்ல, காட்சிக்கும் நல்ல சீட்டு. இத்தனை நாள் அதில் ஒரு சாப்பாட்டு வாளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டு போயிருக்கிறது.

"அண்ணே, நாளைக்கும் வாரீகளா?" என்று பின்னாலிருந்து செல்லத்தாயி கேட்டார்.

"காலையில் ஊருக்குப் போகிறேன்."

நாளைக்கு வாசலில் யார் இறங்குவது என்ற கேள்வி மறுபடியும் ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒரு நாள் சீட்டைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, மறுநாள் ஏலக்காயோடு ஊருக்குப் போகிற மனிதன் நான். இரண்டு வளைவு வரை எனக்கு முதுகு கூசியது.

"ஏ முருகேசா" என்றார் செல்லத்தாயி திடீரென்று. "இன்னைக்கு முன் சீட்டுல ஒரு ஆம்பள போயி எறங்குனாக. கங்காணி என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு ஆத்தா."

"ஜீப்புல யாரையாச்சும் நிறுத்துனாரா?"

"இல்ல."

"அப்ப சீட்டுல உக்காந்தா மூத்தவன்னு எழுதியா ஒட்டியிருக்கு? ஏ திவ்யா!"

கடைசியில் கம்பியோரம் உட்கார்ந்திருந்த பெண் எட்டிப் பார்த்தது. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத, இருபத்துநான்கு வயதுப் பெண்.

"நாளைக்கு நீ முன்னாடி உக்காரு. நாளான்னைக்கு பஞ்சு. அதுக்கு மறுநா இன்னொருத்தி. தெனம் ஒருத்தி. யாரப் புடிச்சு ஸ்டோருக்கு அனுப்புறாருன்னு நானும் பாக்குறேன்."

"போங்க சித்தி, என்னையப் போயிக் கெழவி சீட்டுல உக்காரச் சொல்றீக" என்றது திவ்யா.

"பேசாம இருங்க பெரியாத்தா" என்று அவளிடம் சொன்னார் பேச்சியம்மா. அதற்குப் பிறகு கம்பம் வரும்வரை சிரிப்புச் சத்தத்தில் அந்த ஜீப்பில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்கவில்லை. முருகேசன் சிரித்த சிரிப்பில் பதினான்காவது வளைவை மிக அகலமாகத் திருப்பினார். நான் சீட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் உட்கார்ந்திருந்தால் பிடிக்க ஏதும் இருந்திருக்காது.

இறங்கும்போது கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். வாங்க மறுத்தார். "சீட்டுக்கு ஆள் தேடிக்கிட்டிருந்தது நாங்க சார்."

மூன்றாம் நாள், காலை 6.35. கம்பம் பேருந்து நிலையம்.

மதுரைப் பேருந்தின் வாசலில் நான் ஏற நின்றபோது, எதிரே ஜீப் வந்தது. முன் சீட்டில் திவ்யா. தலைத்துண்டை இறுக்கிக் கட்டி, இரண்டு கையையும் மடியில் வைத்து, படம் எடுக்க உட்கார்ந்தவள் போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததும் தெரிந்தது. சாப்பாட்டு வாளி அதன் காலடியில்.

பின்னாலிருந்து ஒரு கை வெளியே நீண்டது.

"அண்ணே! மூட்டுக்குத் தைலம் போடுங்க!" அது செல்லத்தாயி.

"யாரு மதினி அங்க? அந்த அண்ணனா?" என்றது பேச்சியம்மாவின் குரல். "மைய விட்டுருங்கண்ணே! எனக்குக் கண்ணு தெரியாமயே தெரியுது!"

ஜீப் மலைச்சாலைப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

"பெரியவரே, இங்கன முன்னாடி சீட்டு இருக்கு, வாங்க" என்று நடத்துநர் கூப்பிட்டார். போய் உட்கார்ந்தேன். ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீட்டு. எதிரே கண்ணாடி முழுக்கச் சாலை.

தேனியில் இட்லிக் கடையில், "ஐயா, இன்னொரு வடை?" என்றார்கள். உசிலம்பட்டியில் ஏறிய பையன், "சார், பக்கத்துல ஆள் வர்றாங்களா?" என்று கேட்டான். கிலோமீட்டர் கிலோமீட்டராக வயது இறங்கிக்கொண்டே வந்தது. பதினொன்றே காலுக்கு ஆரப்பாளையத்தில் இறங்கி, பையைத் தோளில் மாட்டி, அதே கடைக்கு முன்னால் போய் நின்றேன். மை பூசி இரண்டு வாரம் தாண்டியிருந்தது. காதோரத்தை வேண்டுமென்றே அவர் பக்கம் திருப்பிக்கூட நின்று பார்த்தேன்.

"அண்ணே, டீயா?" என்றார் கடைக்காரர்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு ஏமாற்றமாக இருந்தது.